நானூற்றுப் பதின்மூன்றாவது மரம்

இதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. தேதியும் நேரமும் என் நோட்டில் இருக்கின்றன. யாராவது பேய்ப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரங்களை அடையாளம் கண்டு பட்டியல் போடுவது என் வேலை. நகரத்தின் நடுவே நூற்றைம்பது வருடப் பழைய பூங்கா. மேற்கு ஓரத்தில் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். பட்டியலில் எண் ஏறிய மரத்தை வெட்ட முடியாது. ஏறாத மரத்துக்காக ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இயந்திரம் வருகிறது என்று அன்று மதியம்தான் சொன்னார்கள். பாக்கி பத்தொன்பது மரங்கள். 

உதவிக்குக் குருவி இருந்தாள். ஒல்லியான பெண், கீச்சுக் குரல், அதனால் அந்தப் பெயர். வேப்பமரத்தைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு 'ஏதோ ஒரு மரம்'. நான் மரத்தின் பெயரையும், மார்பு உயரத்தில் அதன் சுற்றளவையும் சென்டிமீட்டரில் சொல்வேன். அவள் எழுதிவிட்டு "எழுதியாச்சுக்கா" என்பாள். அந்தப் பதில் வராமல் அடுத்த மரத்துக்கு நகரக்கூடாது. தப்பு வராமல் இருக்க நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

மாலை 5.35. நான்கு மரம்தான் முடிந்திருந்தது.

"அக்கா, இருட்டுது. எதிர்க்கடையில டார்ச் வாங்கிட்டு வந்துடறேன்."

"ஓடு. அங்கேயே அரட்டையில உக்காந்துடாதே."

நோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினாள்.

5.48. காய்ந்த சருகு மிதிபடும் சத்தம். வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மரத்தின் இந்தப் பக்கமிருந்தே, "தூங்குமூஞ்சி மரம். முந்நூத்திப் பன்னெண்டு" என்றேன்.

"எழுதியாச்சு."

'அக்கா' இல்லை. கோபம் போலிருக்கிறது, விரட்டியது நான்தானே என்று விட்டுவிட்டேன்.

"டார்ச்சைப் போடேன்டி."

வெளிச்சம் வரவில்லை. எனக்கு நேரமில்லை.

6.02. ஒரு மரத்தில் இலையே இல்லை. பட்டையைத் தடவி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிபடவில்லை.

"மாவிலங்கம்" என்றது மரத்துக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

சரிதான். மாவிலங்கமேதான். குருவிக்கு எப்படித் தெரிந்தது?

6.10. ஒரு பெரிய அரசமரம். ஒரே ஆளால் அதைச் சுற்றி டேப் பிடிக்க முடியாது. நுனியை அந்தப் பக்கம் நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது. அடிமரத்தைச் சுற்றி நுனி என்னிடம் திரும்பி வந்தது... வாங்கும்போது விரல் பட்டது.

ஜில்லென்று இருந்தது.

6.20. பத்தொன்பதாவதும் முடிந்தது. பட்டியலில் அதன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அப்பாடா என்று பையை எடுத்தேன்.

முதுகுக்குப் பின்னால் டேப் உரசியது.

மெல்ல... நெஞ்சைச் சுற்றி வந்தது. இறுகியது.

"விளையாடாதே குருவி."

"எண்பத்தி நாலு."

போன் அடித்தது.

"அக்கா! எத்தனை தடவை அடிக்கிறது? டார்ச் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கேட்டைப் பூட்டிட்டாங்க. அரை மணி நேரமா வெளியதான் நிக்கிறேன்..."

டேப் தளர்ந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடினேன்.

காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, அவரே போய் நோட்டை எடுத்துவந்தார். அது பெஞ்சில் வைத்த இடத்திலேயே இருந்ததாம். விளக்கடியில் பிரித்தோம். அன்றைய முதல் நான்கு வரி குருவியின் கோழிக்கிறுக்கல். மீதிப் பதினைந்தும் நிமிர்ந்த, அழகான எழுத்து. ஒரு பிழைகூட இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி.

எண் 413. பெயர்: காலி. சுற்றளவு 84. உயரம் 158. நிலை: கண்காணிப்பு.

158 என் உயரம்.

பத்தொன்பது மரங்களும் பிழைத்தன. கடைசி வரியை நான் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். தட்டச்சு செய்தவர் அதையும் சேர்த்தே ஏற்றிவிட்டார். "விடு, பட்டியல்ல இருந்தா யாரும் வெட்ட மாட்டாங்க" என்று குருவியிடம் சிரிக்கக்கூடச் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து அலுவலகப் பதிவறையில் இதே பூங்காவின் பழைய பட்டியல் கிடைத்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தையது. கடைசி எண்ணுக்கு நேரே மரத்தின் பெயர் இல்லை. சுற்றளவு 92. உயரம் 170. நிலை: கண்காணிப்பு. அதே நிமிர்ந்த எழுத்து. அதன் கீழே பதினான்கு மாதம் பிந்திய தேதி போட்டு, ஒரே ஒரு சொல்: அகற்றப்பட்டது.

பதிவறைக்காரர் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பட்டியலைப் போட்டவரு அன்னைக்குத்தான் காணாமப் போனாரு. பூங்காவுக்குள்ள போனதைப் பார்த்தவங்க இருக்காங்க. வெளிய வந்ததைப் பார்த்தவங்க யாருமில்ல."

இதை எழுதும்போது எனக்கு எண் ஏறிப் பதின்மூன்று மாதம் முடிந்துவிட்டது.