பயம் இப்போது எங்கே இருக்கிறது?

பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ஊசி மாமா. ஊரில் அவன் அம்மாவோ, "எம்மவன் பெரிய ஆஸ்பத்திரியில ஆபீசர்" என்று பீற்றிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுக்கும் அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி, வெளியே முணுமுணுக்கும் வரிசை. அவ்வளவுதான் அந்த ஆபீஸ்.

வாராவாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரும் எட்டு வயதுச் சிட்டுவிடம் போன வாரம் வாய்ப்பழக்கத்தில், "வலிக்கவே வலிக்காதும்மா" என்று சொல்லிவிட்டான். ஊசி இறங்கியதும் அவள் கையை உதறினாள். கடைசியில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் எடுத்தார்கள். அந்த அலறல் அவன் காதை விட்டுப் போகவே இல்லை. இன்றும் முரண்டு பிடித்தால் மறுபடி நாலு பேர்தான் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார்.

அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி சிட்டு வந்து உட்கார்ந்தாள். செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது. அழுகை இன்னும் வந்து சேரவில்லை, வழியில்தான் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"மாமா பொய் சொன்னது தப்பும்மா. வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். பயம் இப்ப எங்க இருக்கு?"

முறைத்தாள். பிறகு, "வயித்துல... இல்ல, இங்க ஏறிடுச்சு" என்று தொண்டையைத் தொட்டாள்.

மேசையில் துளிப் பஞ்சை வைத்தான். "மெதுவா ஊது. விளிம்பு வரைக்கும் போகணும், விழக் கூடாது."

முதல் ஊதலில் பஞ்சு அப்பாவின் மடிக்குப் பறந்தது. அடுத்தது பாதி மேசையில் நின்றது.

"என்னப்பா, உள்ள தூங்கிட்டீங்களா?" என்றது வெளியே ஒரு குரல்.

நரம்பு பார்க்க அவள் கையைத் தொட்டான்.

"மாமா, உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு. உங்களுக்கும் பயமா?"

"ஆமா. போன வாரம் மாதிரி ஆயிடுமோன்னு."

"எங்க இருக்கு?"

"நெஞ்சுல."

பஞ்சை அவன் பக்கம் தள்ளினாள். "ஊதுங்க. விழக் கூடாது."

விழுந்தது. "மாமா அவுட்டு!" என்று சிரித்தாள். அவன் மறுபடி ஊதினான். பஞ்சு விளிம்பில் நின்றது.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு."

"எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. இருங்க."

வெளியே வரிசை முனகியது. அவன் இருந்தான். அவள் இன்னும் இரண்டு தடவை ஊதினாள். பிறகு அப்பாவின் சட்டையை விட்டுவிட்டு, கையைத் தானே நீட்டினாள்.

"எண்ணுங்க."

ஐந்தில் கண் நிறைந்தது. கை அசையவில்லை. எட்டில் ஊசியை எடுத்துவிட்டான்.

"பத்துன்னீங்க?" கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "மறுபடியும் பொய்!"