தண்ணீர்த் தொட்டியில் மஞ்சள் மணிகள்

கலேவெல பஸ் நிலையத்துக்கு அருகில் என் கணவர் தேநீர்க் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் எங்கள் வீடு. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் கொதிக்கும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். தேநீரின் மேல் மெல்லிய ஆடை மிதக்கும். எல்லோருக்கும் அது பழகியிருந்தது.

திடீரென்று ஒரு நாள் அந்த ஆடை இல்லை. நிறமும் கூடியிருந்தது. தினமும் வரும் மரக்கறி வியாபாரிதான் முதலில் கேட்டார்.

"நானா, தேத்தண்ணிக்கு என்ன போடுறீங்க?"

"தேயிலதான்."

"தேயிலையில இந்த நெறம் வராதே."

கணவர் சிரித்து மழுப்பினார். வியாபாரி பாதியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். பஸ்ஸில் யாருடையது என்று தெரியாத பை ஒன்று கிடந்தால் குண்டு என்று பயந்து எல்லோரும் இறங்கி ஓடிய காலம் அது. கடையில் சாயம் கலக்கிறார்கள் என்ற பேச்சு பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை.

எனக்கும் சந்தேகம்தான். சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையை அவர் பூட்டி வைக்கத் தொடங்கியிருந்தார். கேட்டால் எலித் தொல்லை என்றார். எங்கள் சமையலுக்குத் தேவையே இல்லாத அளவு உப்பு அந்த அறைக்குள் போனது. வீட்டுக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் ஓடும் கானில் செழித்திருந்த கங்குன் கீரை வாடிக் கருகியது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாவியை மறந்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனபோது உள்ளே போனேன்.

இடுப்பளவு உயரத் தொட்டி ஒன்று. கிணற்றுக் குழாய் அதற்குள் போய், மறுபக்கம் சமையலறைக்கு வந்தது. மூடியைத் திறந்தேன். தண்ணீருக்குள் மீன் முட்டை போல மஞ்சள் மணிகள். கையில் அள்ளினேன், வழுக்கின, வாசனை இல்லை. பயம் கூடியது.

தம்புள்ளையில் ஹோட்டல் ஒன்றில் பம்பு பழுதுபார்த்த என் உடன்பிறந்த நானா வந்தபோது கேட்டேன்.

"டூரிஸ்ட் இல்லாம ஹோட்டல மூடிட்டாங்க. அங்க கிடந்த தொட்டிய மச்சானுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார். "அது ஒரு மாதிரி பிளாஸ்டிக். ஒவ்வொரு மணிக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. தண்ணியில உள்ள சுண்ணாம்பு அதுல போய் ஒட்டிக்கும். நெறஞ்சதும் உப்புத் தண்ணி விட்டா எல்லாம் கழண்டு கானுக்குப் போயிரும். சுண்ணாம்பு இல்லாத தண்ணியில தேத்தண்ணிக்கு ஆடையும் வராது, நெறமும் கூடும்."

"அப்ப ஏன் பூட்டி வைக்கிறார்?"

"எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரரும் பார்த்துட்டு ஒண்டு வாங்கிருவாருன்னுதான்."

விளங்கியது. அப்படியும் பிள்ளைகளுக்குக் குடிக்கப் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தே தண்ணீர் எடுத்து வந்தேன்.

கொஞ்ச நாளில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யாரோ பெட்டிஷன் போட்டிருந்தார்கள். ஏன் இந்த அறைக்குப் பூட்டு என்று சிங்களத்தில் கேட்டார். கணவர் சாவியை எடுத்துத் திறந்தார். பரிசோதகர் தேயிலையிலும் தண்ணீரிலும் கொஞ்சம் சோதனைக்கு எடுத்துப் போனார். பிறகு வந்து, தேயிலையில் சாயம் இல்லை, தண்ணீரிலும் குற்றமில்லை, பிரஷர் உள்ளவர்களுக்கு மட்டும் இதில் உப்புச் சேர்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

கணவர் தொட்டியைக் கடையின் முன்பக்கத்துக்கே மாற்றினார். உப்பைக் கரைத்து ஊற்றுவதை எல்லோரும் பார்த்தார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். மரக்கறி வியாபாரியும் வந்தார். குடிப்பதற்கு முன் மோந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை.

மாறிப்போனவர் என் கணவர்தான். பெட்டிஷன் போட்டது யார் என்ற எண்ணம் அவரை விடவில்லை. கிளாஸை நீட்டும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். எதிர்க் கடைக்காரருக்கு சலாம் சொல்வதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"பக்கத்து வீட்டுல தண்ணி எடுத்தியே, அவங்ககிட்ட தொட்டியப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லல்ல. நம்ம கிணறு கலங்கிட்டுன்னுதான் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.