இடது கையில் கட்ட வேண்டாம்

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபின், இரத்தம் சுத்திகரிப்பதற்காக இடது மணிக்கட்டில் ஒரு இரத்த நாடியையும் நாளத்தையும் இணைத்தார்கள். அதற்கு முன் சத்திரசிகிச்சை நிபுணர் பேனை போன்ற ஒரு கருவியைக் காட்டினார்.

"நூலால தைக்கப்போறதில்ல டீச்சர். இதுக்குள்ள இருக்கிற கிளிப் ஒண்டொண்டா ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும்."

கடுகிலும் சிறிய உலோகத் துண்டுகள். அவற்றை நம்பிக் கையை நீட்டினேன்.

காயம் ஆறியதும் அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அதிர்ந்தால் இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் தந்தார்கள்.

ஐந்தாவது வாரம் காய்ச்சல் என்று மாம்புரியில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள தனியார் கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் பார்க்கும் பெண் இடது கையைப் பிடித்தாள்.

"மிஸ், இந்தக் கை வேணாம். ஒபரேஷன் செஞ்ச கை."

"ஒரு நிமிஷந்தானே. அந்தப் பக்கம் வயர் எட்டாது."

துண்டை நீட்டினேன். வாங்கிப் பார்க்காமலே பட்டியைச் சுற்றினாள். மெஷின் பிழை காட்டியது. மறுபடி இறுக்கினாள். நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்குகிற நான், ஏன் கையைப் பறித்துக்கொள்ளவில்லை? அந்தக் கோபம் என்மேல் இன்னும் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை.

"கை அடங்கிட்டு," என்றேன். ஓட்டோவை ஓட்டிவந்த என் கணவர் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்.

திறந்து பார்த்தபோது உள்ளே இரத்தம் உறைந்து கிடந்ததாம். காப்பாற்ற முடியவில்லை. அடுத்த இணைப்பை வலது கையில் செய்தார்கள்.

கிளினிக் பொறுப்பாளரோ ஊரெல்லாம் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததை நிபுணர் எழுதித் தந்த கடிதத்தோடு நேரே போனேன்.

"அந்தக் கிளிப்தான் டீச்சர் கழண்டிருக்கும்," என்றார் என்னிடமும்.

காத்திருந்த நோயாளர்கள் எல்லோருக்கும் கேட்கக் கடிதத்தை வாசித்து விளக்கினேன். "கிளிப் ஒண்டும் கழரல்ல. வைச்ச மாதிரியே இருந்திருக்கு. இங்க ரெண்டு தரம் இறுக்கினதாலதான் ஓட்டம் நிண்டிருக்கு."

மூலையில் நின்ற அந்தப் பெண் அழுதாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல டீச்சர். பட்டனை அமத்த மட்டுந்தான் காட்டினாங்க."

அப்போதுதான் அவள்மேலிருந்த என் கோபம் முழுதாகப் பொறுப்பாளரிடம் திரும்பியது. "ஒண்டும் படிச்சுக் குடுக்காம இந்தப் புள்ளைய நோயாளிகள்ட கையில விட்டிருக்கிறீங்க. பிறகு கிளிப்பைக் குறை சொல்றீங்க!"

அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவளைப் பயிற்சிக்கு அனுப்புவதாக அவர் எழுதிக் கையெழுத்து வைக்கும்வரை எழும்பவேயில்லை.