ஆடி மாதத்துப் பந்தல்

எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் என் வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை.

முன்பு வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. கஜாப் புயலில் வேரோடு சாய்ந்தது. வல்லத்திராக்கோட்டையில் அன்று விழாத மரத்தைத்தான் தேட வேண்டியிருந்தது என்பதால் எங்கள் மரத்துக்காக நாங்கள் தனியாக அழவில்லை. வேறு கன்று வைக்கலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டே இருந்தோம். அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். மரம் நின்ற இடம் மட்டும் மொட்டையாகவே கிடந்தது.

போன வருடம் ஆடி பிறந்தும் வெயில் தணிந்தபாடில்லை. வாசலுக்கு நிழல் இல்லாமல் இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்று மகனிடம் சொன்னேன். "தகரம் போட்டுரலாம்மா, ஒரே நாள் வேலை" என்றான். தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் நான் வடகமாகிவிடுவேன் என்றேன். சிரித்தான். அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஆகவே மரமா, கொடியா என்று நானும் நானும் உட்கார்ந்து விவாதித்தோம். முப்பது வருடம் டீச்சராக இருந்தவள்; எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தையும் நானே பேசிக்கொள்வேன்.

மரம் என்றால் புங்கை. ஆடு கடிக்காமல் ஒரு கூண்டு வைத்து, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிறகு அது பாட்டுக்கு நிற்கும். ஊரே காய்ந்து கிடக்கும்போது தளதளவென்று தளிர்விடும். ஆனால் அதன் கீழே நாற்காலி போட ஆறேழு வருடமாவது ஆகும். கொடி என்றால் அவரை. ஆடியில் ஊன்றினால் ஐப்பசிக்குள் பந்தலை மூடிவிடும், தையில் காய்த்துத் தள்ளும். ஆனால் அதற்குப் பந்தல் போட வேண்டும், தினமும் பக்கத்தில் நின்று நுனியை எடுத்துவிட வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு சித்திரையில், நிழல் கட்டாயம் வேண்டும் என்கிற நேரம் பார்த்துக் காய்ந்து சருகாகிவிடும்.

எல்லாம் தெரிந்துதான் கொடி என்று முடிவு செய்தேன். மரக்கன்று வைக்கிறவர்கள் பின்னால் வரப்போகிற யாரையாவது மனதில் வைத்துத்தான் வைக்கிறார்கள். எனக்குப் பின்னால் இந்த வாசலில் உட்கார யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, கொடிக்குத் தினமும் ஒரு ஆள் வேண்டும். காலையில் எழுந்ததும் என்னைத் தேடுகிற ஒன்று வீட்டில் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல் போடுகிறவர் ஒருவர்தான். அவரிடம் சொன்னேன். "ஆடில எனக்கும் வேலை இல்ல டீச்சர், மூங்கில் சும்மாதான் கெடக்கு" என்று மறுநாள் காலையிலேயே கம்புகளை வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கால்களை ஊன்றி, மேலே குறுக்குக் கம்புகளைக் கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொடி ஏறுற வரைக்கும் நெழலு வேணும்ல?" என்று தென்னங்கீற்றுகளையும் மேலே பரப்பிக் கட்டிவிட்டுப் போனார்.

பந்தலின் கீழே போய் நின்றேன். பல வருடத்துக்குப் பிறகு என் வாசலில் நிழல். அந்த உற்சாகத்தில் வீட்டையே கழுவிவிட்டேன். உள்ளே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் தூக்கி வந்து தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று பந்தலுக்குக் கீழே வரிசையாகப் போட்டேன். என் வீட்டு வாசலை ஒட்டித்தான் பஸ் போகும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். புதுப் பந்தலைப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மணி வாக்கில் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. ஈரக் கையோடு, சேலையைத் தூக்கிச் செருகியபடி வந்து பார்த்தேன். ஒரு கையில் ரோஜா மாலையும் மறு கையில் ஜவுளிக்கடைப் பையுமாக இறங்கிக்கொண்டிருந்தவன் என் தம்பி.

அரிமளத்தில் இருக்கிறான். நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவன் பெண்ணை என் மகனுக்குக் கேட்டேன். அத்தை மகனுக்கு உரிமை உள்ள பெண். கொடுக்காமல் வெளியே கொடுத்தான். நிச்சயதார்த்தத்தன்று அவன் வீட்டு வாசலில் நின்று, சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்க, "நாளைக்கு நான் செத்தா நீ கோடி எடுத்துட்டு வராத" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெண்ணாய்ப் பிறந்தவளுக்குக் கடைசியில் உடுத்திவிடுகிற புதுச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அது வேண்டாம் என்று சொல்வதற்கு மேல் ஒரு அக்கா தம்பியிடம் சொல்ல ஒன்றுமில்லை. என் மகன் பிறகு தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். தம்பி பெண்ணும் நன்றாக இருக்கிறாள். கோபம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் மிஞ்சியது.

மாலையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது, நிச்சயம் கிடையாது, புது வீடு புக மாட்டார்கள். ஆடி மாதத்தில் ஒரு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, நாற்காலியும் வரிசையாகக் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தபடியே நின்றான். செத்துப்போன அக்காவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வழி நெடுகச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருப்பான். உயிரோடு இருக்கிற அக்காவோடுதான் அவனுக்குப் பேச்சு இல்லையே.

"வாடா" என்றேன்.

"இருக்கியாக்கா?"

"இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அழுதான். கழுவிப் போட்டிருந்த ஈர நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதான். மாலையை என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆட்டோக்காரர்தான் வாங்கிக்கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் போட்டார்.

"பஸ்ல வந்த ஆளுக சொன்னாங்க. ஒங்க அக்கா வாசல்ல பந்தல் போட்டுருக்கு, சேரெல்லாம் போட்டுக் கெடக்குன்னு. ஒரு போனு போட்டுக் கேக்கலாம்னா, யாருக்குப் போடுறது? இந்த வீட்ல நீ ஒரு ஆளுதானே" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. டீ போட உள்ளே போனேன்.

டீயைக் குடித்துக்கொண்டு பந்தலைச் சுற்றிப் பார்த்தான். அவரைக்கு என்று சொன்னதும் அவனுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "கொடி எதுக்குக்கா? சித்திரைல காஞ்சுபோகும், அப்ப நெழலுக்கு எங்கிட்டுப் போவ? அந்தா, வேம்பு நின்ன எடம் சும்மாதானே கெடக்கு. ஒரு புங்கங்கன்னு வையி."

"அது வளந்து நெழல் குடுக்குறதுக்குள்ள எனக்கு நீ உண்மையாவே மாலை வாங்கிட்டு வந்துருவ."

"வாய மூடுக்கா" என்றான். கோபம்தான்.

மரமா கொடியா என்பதைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசினோம். அவன் பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. என் மகனைப் பற்றி அவன் கேட்கவில்லை. ஜவுளிக்கடைப் பை நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. புறப்படும்போது அதை எடுக்கலாமா வேண்டாமா என்று கையை நீட்டி மடக்கினான். "வச்சிட்டுப் போ" என்றேன். "வாரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. அவரைக்கொடி பந்தல் கம்பைப் பிடித்து ஏறியது. காலையில் அதன் நுனிகளை எடுத்துவிடுவேன்; அதோடு அன்றைக்கு என்னைத் தேடுகிறவர்கள் முடிந்தார்கள். சாயங்காலம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாசலில் பஸ் நிற்கும், யாராவது இறங்குவார்கள், வேறு பக்கம் போய்விடுவார்கள். நான் செத்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தவன், இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு வராமல் இருக்கிறானே என்று அழுகையாக வந்தது. நான் போகலாம்தான். எனக்கு மட்டும் ரோசம் இல்லையா?

தை பிறந்து காய் தொங்க ஆரம்பித்தது. பறித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கையளவு போதும். மீதியைக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒருநாள் பீரோவைத் திறந்து அந்தப் பையைப் பிரித்தேன். ஊதாச் சேலை, பச்சைக் கரை. சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடித்த நிறம். தகவல் வந்த பதற்றத்தில் கடைக்கு ஓடியவன், கட்டிக்கொள்ளப் போகிறவள் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், நிறம் பார்த்து எடுத்திருக்கிறான். சேலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கும் வயதாகிறது. அன்று வெயிலில் பார்த்தேனே, தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் வாசலில் பந்தல் போட்ட பிறகு நான் போய் இறங்குவதா?

மறுநாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அவரைக்காயை ஒரு பை நிறையப் பறித்தேன். புதுக்கோட்டை போய் அரிமளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அவனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: 'அந்த எடம் சும்மாதான்டா கெடக்கு. புங்கங்கன்னு ஒண்ணு நீயே கொண்டாந்து வச்சிட்டுப் போ.'

பக்கத்து சீட்டு அம்மா என் புதுச் சேலையைப் பார்த்தார். மடியில் இருந்த பையையும் பார்த்தார்.

"அரிமளத்துல என்ன விசேசம்? நல்லதா கெட்டதா?"

"ரெண்டும் இல்லைங்க. எந்தம்பி இருக்கான், நானும் இருக்கேன். சும்மா பாத்துட்டு வரலாம்னு போறேன்."