வடமாலபேட்டை மண்டபமும் ஐந்து முறை கருகிய ஹாரனும்

அழைப்பிதழ் இல்லாத கல்யாணத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவனை, சாப்பாட்டுக்கு அலைகிறான் என்றுதான் சொல்வார்கள். நான் போனது ஒருவனைக் கையும் களவுமாகப் பிடிக்க. அவன் என் தங்கை புருஷன் என்பதால் வீட்டில்கூடச் சொல்லாமல், ஆவணி முகூர்த்த ஞாயிறு ஒன்றில் கிளம்பினேன்.

அம்பத்தூரில் எனக்கு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை. தங்கை கஸ்தூரி நகரியில் இருக்கிறாள். அவள் கணவன் முனிரத்தினம் பன்னிரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவன். அந்தத் தறி ஷெட்டை மூடியபோது, என் கைக்காசில் ஒரு சவுண்ட் செட் கட்டிக்கொடுத்து, கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு ஓட்டு என்றேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏழே மாதத்தில் ஐந்து முறை, கீச்சுச் சத்தம் கொடுக்கும் ஹாரன் போனது. ஹாரனுக்குள் டயாஃப்ரம் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. அது ஒவ்வொரு முறையும் கருகி எனக்கு பார்சலில் வரும், நான் புதிது அனுப்புவேன்.

ஐந்து முறை கருக அது என்ன தோசைக் கல்லா? நான் அனுப்பும் ஒரிஜினலைத் திருப்பதியில் விற்றுவிட்டு, எங்கோ பொறுக்கிய கருகின தகட்டை எனக்கு அனுப்புகிறான் என்று முடிவு கட்டினேன். கடைசியாக அனுப்பிய தகட்டின் ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி இல்லையென்றால் செட்டை அன்றைக்கே வண்டியில் ஏற்றி அம்பத்தூர் கொண்டுவந்துவிடுவது. அவர்கள் குடும்பத்தில் பாதிச் சோறு அந்த செட்டில் இருந்து வருகிறது என்று தெரியும். தெரிந்தேதான் போனேன்.

காலை 5.40க்கு திருப்பதி பேருந்து. நகரிக்கு எழுபது ரூபாய். நடத்துனர் சில்லறை பிறகு தருகிறேன் என்று டிக்கெட்டின் பின்னால் எழுதினார். திருத்தணி தாண்டும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். (கேட்காமலே கொடுத்துவிட்டார்.) எட்டு மணிக்கு நகரி. இட்லி, வடை, டீ முப்பது ரூபாய்.

தங்கை வீடு பூட்டிக் கிடந்தது. தடா பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம், விடியற்காலையிலேயே கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும், ஏழு மாதமாக இப்படித்தான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முனிரத்தினத்துக்கு வடமாலபேட்டை மண்டபத்தில் வேலை என்றும் சொன்னார். வேலைக்குப் போவதைப் பற்றி என்னிடம் கஸ்தூரி மூச்சு விடவில்லை. ஏழு மாதம் என்றதும் என் கணக்கு இன்னும் பலமாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே ஏதோ மறைக்கிறார்கள். நேராக நகரி ஸ்டாண்டுக்குப் போய் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பேசினேன். அம்பத்தூர் வரை இரண்டாயிரத்து ஐநூறு. முந்நூறு அட்வான்ஸ் கொடுத்து, சரியாக மூன்று மணிக்கு மண்டபத்து வாசலில் நிற்க வேண்டும் என்றேன்.

புத்தூரில் பேருந்து மாறி வடமாலபேட்டையில் இறங்கியபோது 10.15. மண்டபம் எங்கே என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, சாலையிலேயே காது வழி சொன்னது. பையில் கடையின் ஒலி அளக்கும் மீட்டர் இருந்தது. வாசலில் 96 டெசிபெல். ஸ்பீக்கருக்கு முன்னால் 108. முதல் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்படியும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் "சவுண்டு பெஞ்சு பாபு" என்று தெலுங்கில் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் குறைந்தால் அவர்களுக்குக் கௌரவம் குறைந்துவிடுமாம்.

முனிரத்தினம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். "வா மச்சான். எதுனா துன்னியா?" சிரிப்பு என்னவோ சிரிப்புதான். ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தான். திருட்டு முழி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

பந்தி நடக்கும்போது பாட்டை நிறுத்தினார்கள். ஹாரனைத் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றினேன். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் வருவது முன்பே தெரிந்திருக்குமோ என்றுதான் யோசித்தேன். புத்தி அப்படி.

சரி, செட்டையே சோதித்துவிடுவோம் என்று, ஹாரனைத் திரும்ப மாட்டி, சவுண்டை நன்றாகக் குறைத்து, கடையில் பயன்படுத்தும் டெஸ்ட் சிடியைப் போட்டேன். முதலில் கட்டைச் சத்தம், போகப் போகக் கீச்சுச் சத்தம். கட்டைக்கெல்லாம் அவன் தலையாட்டினான். எட்டாயிரம் ஹெர்ட்ஸ் வந்ததும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைச் சுளித்துத் திரும்பினார்கள். எனக்குப் பல் கூசியது. அவன் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான்.

"போடு மச்சான்" என்றான்.

அது ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை என்று நினைத்து அவன் கை தானாகவே, கீச்சைக் கூட்டும் ட்ரெபிள் திருகைக் கடைசி வரை திருப்பியது. நான் ஒயரைப் பிடுங்கினேன். ஐந்து முறை கருகியது எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவனும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவனே சொன்னான். தறி ஷெட்டில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, வாயைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில், காது போனதே வெளியே வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

"சன்ன சத்தம் ஒண்ணும் வர்ல மச்சான். உன் தங்கச்சி கூட வர வரிக்கும் பிரச்சன இல்ல. ஹாலு நடுவுல நின்னுக்கினு கையக் கீழ காட்டும், கொறச்சிடுவேன். அது தடா போனதுலர்ந்து கை காட்ட ஆளில்ல."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா செட்ட எடுத்துக்கினு பூடுவ இல்ல?"

மணி மூன்று. வாசலில் குட்டியானை வந்து நின்று, டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, ஏத்த வேண்டிய சாமான் எது சார் என்றார். முனிரத்தினம் அவர் வாயைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"வண்டி எதுக்கு மச்சான்?"

"உன்ன காது டாக்டராண்ட கூட்டிக்கினு போவத்தான்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

செட்டை மண்டபத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். திருப்பதி பதினெட்டு கிலோமீட்டர். ஞாயிறு ஐந்து மணி வரை திறந்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கை டிரைவரே காட்டினார். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் கீச்சுச் சத்தம் போய்விட்டது, திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவன் அதையும் அவர் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

இந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு: ஸ்பீக்கருக்கு எதிர் வரிசையில் உட்காராதீர்கள், குழந்தையோடு உட்காரவே வேண்டாம். பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை, காதடைப்பான் வாங்குங்கள். வீடு திரும்பியும் காதில் 'ங்' என்று கேட்டால் சத்தம் அளவு மீறியிருக்கிறது என்று அர்த்தம். செட் வைத்திருப்பவர்களுக்கு: சத்தம் அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேஜையை ஸ்பீக்கருக்குப் பின்னால் போடாமல் ஜனங்களுக்கு நடுவில் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து நானே போய் லிமிட்டர் மாட்டினேன், ட்ரெபிள் திருகை நடுவில் நிறுத்திப் பசை வைத்து ஒட்டினேன். மீட்டரையும் அவனிடமே விட்டுவந்தேன். இப்போது எண்ணைப் பார்த்து சவுண்ட் வைக்கிறான். இதுவரை ஒரு ஹாரனும் போகவில்லை.

அன்றைக்கு வண்டி எதற்கு என்று கேட்டவன், நான் சொன்னதைக் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். காது பார்க்கவென்றே மச்சான் அம்பத்தூரிலிருந்து வந்து தனி வண்டி பிடித்தார் என்று இன்றைக்கும் நகரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். கம்பெனி வேனில் போகும்போது கஸ்தூரி இந்த வலைப்பூவைப் படிப்பாள். நிஜத்தை அவனிடம் சொல்வதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை.