பாதிக் கூரை

என் அக்காவுக்கு நிதித் துறையில் வேலை கிடைத்த அன்றுதான் எங்கள் வீட்டு டிவிக்கு மறுபடியும் பேச்சு வந்தது. அவள் பரீட்சைக்குப் படித்த காலம் முழுக்க நாங்கள் ஊமைப் படம்தான் பார்த்தோம். குக்கர் விசில் அடித்தால்கூட அம்மா ஓடிப்போய் அதன் தலையில் குட்டுவாள். நான் தும்ம வேண்டுமென்றால் மாடிக்குப் போக வேண்டும்.

அக்கா பொருளாதாரத்தில் முதுகலை, பல்கலைக்கழகத்திலேயே முதலிடம், மெடல் வாங்கியவள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களிடம் உயிரைப் பணயம் வைத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், "அக்காவைப் பார்த்துக் கத்துக்கோடா" என்பாள் அம்மா. சரி, பார்த்தேன்.

நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப் போனவளுக்கு முதல் நாள் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் வைக்க ஒரு பழைய பட்ஜெட் புத்தகத்தையும் தந்தார்கள். பட்ஜெட்டால் ஒருவருக்கு நேரடியாக நன்மை கிடைத்ததை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

அப்புறம் பயிற்சி. தாளின் இடது மூலையில் எவ்வளவு தள்ளி ஓட்டை போட வேண்டும், ஃபைலை எந்தப் பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஓட்டை கொஞ்சம் பிசகினாலும் ஃபைல் திரும்பி வந்துவிடுமாம். சாப்பிடும்போது இதை அவள் அவ்வளவு பயபக்தியோடு சொன்னாள்.

"ஓட்டை போடறதுக்கா உனக்கு மெடல் குடுத்தாங்க?" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாதுடா. இது ஒரு சிஸ்டம்."

சொல்லும்போது கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை சாப்பாட்டுத் தட்டில் முங்கி எழுந்தது. அதை வீட்டிலும் கழற்றமாட்டாள். எங்களுக்கு அவளை அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயமோ என்னவோ.

அம்மா ஒரு அரசு ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அந்தப் பள்ளியின் கூரை பல வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. வகுப்பறை என்று தனித்தனியாகக் கிடையாது, ஐந்து வகுப்பும் ஒரே நீள ஹாலில்தான். கூரையைத் தாங்கும் மர உத்தரங்கள் உளுத்துப்போயிருந்தன. அடுத்த மழைக்குள் கூரையை மாற்றாவிட்டால் பிள்ளைகள் தலையில் விழும் என்ற பயத்தில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

கூரைக்குப் பணம் கேட்டு நிதித் துறைக்கு எழுத வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு கேட்பார்கள், நிதித் துறை அதைப் பாதியாக வெட்டும். கேட்டவருக்குத் தேவையானது வந்துவிடும், வெட்டியவருக்கு மிச்சம் பிடித்த பெருமை வந்துவிடும். சட்டத்தில் எங்கேயும் எழுதாத இந்த முறை ஒருநாளும் தவறியதில்லை. அம்மாவும் அப்படித்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது? கூரைக்கு இவ்வளவா ஆகும்?"

"இல்லடி, இதுல பாதிதான் ஆகும்."

"அப்புறம் ஏன் இப்படி எழுதறே?"

"பாதிதான் குடுப்பாங்க. அதனாலதான்."

அவ்வளவுதான், அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "நான் வேலை பாக்கிற ஆபீசுக்கே பொய்க் கணக்கு அனுப்புவியா? நீங்க எல்லாரும் இப்படிப் பண்றதாலதான் நாடு உருப்படாம கிடக்கு. உண்மையை எழுதும்மா. முழுசா வரும். நான் சொல்றேன்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், அக்கா முறைத்தாள், மூடிக்கொண்டேன். அதே ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பெற்ற மகள் இவ்வளவு அடித்துச் சொல்லும்போது ஒரு தாய் வேறென்ன செய்வாள்? அடித்துத் திருத்தி, உள்ளபடி எழுதினாள்.

அந்த ஃபைல் சுற்றிச் சுற்றி அக்கா மேசைக்கே வந்து சேர்ந்தது. சரியான கணக்கு, கொடுக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். எழுதினாளா? 'இது என் தாயார் பணிபுரியும் பள்ளி. நான் பரிசீலிப்பது முறையாகாது' என்று எழுதி, ஓட்டை பிசகாமல் கட்டி, பிரிவு அதிகாரியின் மேசைக்கு நகர்த்திவிட்டாள். அடடா, என்ன நேர்மை! கையைத் தட்டுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி கெட்டவர் கிடையாது. யாரிடமும் ஓசியில் டீகூடக் குடிக்காதவர். தொகையைப் பார்த்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், பாதி என்று போட்டார். வழக்கம்தானே.

ஆணை வெளியான பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றிருக்கிறாள். அன்று சாயங்காலம் அழுதுகொண்டே எங்களிடம் சொன்னாள்.

"சார், அது உண்மையான கணக்கு சார்" என்றாளாம்.

"ஏம்மா, மத்தவங்க மட்டும் இது பொய்க் கணக்குன்னு எழுதியா அனுப்பறாங்க? எனக்கு எப்படித் தெரியும்?"

"விசாரிச்சுப் பாத்திருக்கலாமே சார்?"

"ஒவ்வொண்ணா விசாரிச்சா யாருக்கும் எந்தக் கூரையும் போய்ச் சேராது. உங்கம்மாவை ரெண்டு மடங்கா கேக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே?" அவர் நிஜமாகவே பரிதாபப்பட்டாராம். மேலே கையெழுத்தாகிவிட்டதாம், இனி அடுத்த வருஷம்தானாம்.

ஆக, பாதிப் பணம் வந்தது. பாதிக் கூரையும் வந்தது. "டீச்சர், எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறார் மேஸ்திரி. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பக்கத்தை அம்மா காட்டினாள்.

மழை வந்தபோது ஐந்து வகுப்பையும் அந்தப் பாதிக்குள் அடைத்தாள். ஒரு மூலையில் வாய்ப்பாடு, ஒரு மூலையில் பாட்டு, நடுவில் யாரோ ஒரு பிள்ளையின் அழுகை. இரண்டாவது நாள் பழைய கூரை இருந்த பக்கத்து உத்தரம் ஓடுகளோடு இறங்கியது. அம்மாவின் நாற்காலி நொறுங்கிப் போனது. நல்லவேளை, அம்மா அப்போது இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டு அக்காவை என் பயிற்சிக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உள்ளே போய் ஈர ஓட்டுக் குவியலுக்கு முன்னால் நின்றாள், கழுத்தில் அட்டையோடு. பிள்ளைகளிடம் அம்மா என்ன சொல்லி வைத்திருந்தாளோ, ஒரு வாண்டு வந்து அந்த அட்டையைப் பிடித்துப் பார்த்தது.

"எங்களுக்குக் கூரை குடுத்த அக்கா நீங்கதானே?"

அக்கா அட்டையை மெதுவாக அதன் கையிலிருந்து வாங்கி, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் கேலி செய்வதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

அடுத்த வருஷம் அவள் வேலையை நிரந்தரமாக்கினார்கள். வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டாள் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தாராம். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். அந்த வாரமே மிச்சக் கூரைக்குப் பணம் கேட்டு எழுதும் நாளும் வந்தது.

அம்மா அதே மேசையில் தாளை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"என்னன்னுடி போடட்டும்?"

"முழுக் கூரைன்னு போடும்மா."

"பாதிதானேடி பாக்கி?"

"தெரியும்மா. முழுசுன்னே போடு."

அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எழுதினாள். நான் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.