நாலு வரியில் அடக்கிய ஆம்புலன்ஸ்

அலுவலகத்தில் அவளுக்கு ராக்கெட் என்று பெயர். மற்றவர்கள் நாற்பது வரியில் எழுதும் கணினி நிரலை நாலே வரியில் சுருட்டிவிடுவாள். ஓடும் வேகத்தைப் பார்த்தால் அடேயப்பா! படிக்கத்தான் ஒருவராலும் முடியாது. "உங்களுக்குப் புரியலேன்னா அது என் குத்தமா?" என்பாள். தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருள் அவர்களுடையது. அழைப்பு வந்ததும் வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று கேட்டு, அருகிலிருப்பதைத் தேர்ந்து, அதன் ஓட்டுநருக்குத் தகவல் அனுப்பி, அவர் 'சரி' என்று அழுத்திய பிறகு, அழைத்தவருக்கு 'வண்டி கிளம்பியது' என்று சொல்ல வேண்டும். எதிர் மேசைக்காரன் இதை ஒன்று முடிந்து ஒன்றாக, நிதானமாக எழுதியிருந்தான். அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்தவளே இவள்தான். "டிரைவர் அழுத்தற நேரம் போக நாலு செகண்டா? விடிஞ்சிரும்!" என்று சிரித்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு அரை நொடிக்குக் கொண்டுவந்தாள். மேலாளர் கைதட்டினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில், அழைப்பு மையத்து அக்கா போனில் கத்தினார்.

"வண்டி கிளம்பிடுச்சுன்னு திரையில வருதும்மா. நெஞ்சுவலிக்காரர் வீட்டுல இருபது நிமிஷமா காத்திருக்காங்க. டிரைவரைக் கேட்டா, தகவலே வரலைங்கறார்!"

அவள் உடனே சொன்னாள்: "திரையை நம்பாதீங்கக்கா. எல்லா வண்டியையும் நீங்களே போன் போட்டு அனுப்புங்க. முதல்ல அந்த வீட்டுக்கு!"

நாலு வரியையும் திறந்தாள். அவளே எழுதியதுதான், ஆனால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்றே பிடிபடவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

"உன் பழைய புரோகிராம் இருக்கா?" என்று ஆமையிடம் கேட்டாள்.

"நீங்கதானே தூக்கச் சொன்னீங்க? இருங்க, பழைய பதிப்புல இருக்கும்."

அவன் குத்திக்காட்டாமல் எடுத்துக் கொடுத்தது இன்னும் சுட்டது. படித்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. ஓட்டுநரின் பதிலுக்காகக் காத்திருக்கும் வரி அவளுடையதில் இல்லவே இல்லை. தகவல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த வரைக்கும் தப்பித்தாள். இன்று நெட்வொர்க் படுத்ததும் சாயம் வெளுத்துவிட்டது.

"இதையே போட்டுடலாமா?" என்றாள்.

"நாலு செகண்ட் ஆகுமே. வண்டிங்க எங்கெங்க நிக்குதுன்னு கேக்கறத மட்டும் ஒரே நேரத்துல ஓடவிடுங்க. டிரைவர் பதிலுக்கு நின்னுதான் ஆகணும்."

"அது போக ஒண்ணரை செகண்ட் வரும்."

"வரட்டுமே."

அவள் தட்டத் தட்ட, அவன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தான். அவன் படிக்கத் தடுமாறிய இடத்தையெல்லாம் மறுபேச்சில்லாமல் பிரித்து எழுதினாள். கால் மணி நேரத்தில் புதியது ஓடத் தொடங்கியது.

மதியம் அக்கா மறுபடி கூப்பிட்டார். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகள் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்கிறாளாம். போன் இவள் கைக்கு வந்தது.

"வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னீங்க. அதை நம்பி பக்கத்து வீட்டுக் காரைக்கூட வேண்டாம்னுட்டேன். அப்பா என் மடியில துடிச்சாரு. யாருங்க அப்படிச் சொன்னது?"

'நெட்வொர்க்னு சொல்லு' என்று எதிரில் மேலாளர் வாயசைத்தார்.

"நான்தாங்க," என்றாள் அவள். "டிரைவர் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காம, நானே சொல்லிட்டேன்."